வேலை அரைகுறை, பாக்கிப் பணத்தை நிறுத்தி வைக்கலாமா?

ஈரச்சுவர்:
வீட்டைப் புதுப்பிக்கும் வேலையை ஒரு ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாக விட்டிருந்தேன். குளியலறையை உடைத்துப் புதிதாகக் கட்டுவது, சமையலறை அலமாரி, கூடத்துச் சுவர்களுக்கு மறுபூச்சும் பெயின்ட்டும். பேசிய தொகையில் 70 சதவீதம் கொடுத்தாகிவிட்டது. வேலை முடிந்தது, மீதி 30 சதவீதத்தைக் கொடுங்கள் என்கிறார்.

என்ன முடிந்தது என்று சொல்கிறேன். குளித்த தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கதவோரம் தேங்கி நிற்கிறது, தினமும் துடைப்பத்தால் தள்ளிவிடுகிறோம். சுவர் டைல்ஸை விரல் முட்டியால் தட்டினால் ஏழு டைல்ஸில் உள்ளே காலியாக இருப்பது போலச் சத்தம். கூடத்துப் பெயின்ட் கொப்புளமாக எழும்புகிறது. அலமாரிக் கதவு இரண்டு உரசுகின்றன.

"முதலில் கணக்கை முடியுங்கள், அப்புறம் ஆள் அனுப்புகிறேன்" என்கிறார். "சரிசெய்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறேன். மூன்று வாரமாக இதே பேச்சுதான். முழு 30 சதவீதத்தையும் நிறுத்தி வைத்து வேறு ஆளை விட்டுச் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். செய்யலாமா?

தெற்குவாசல்:
தாராளமாகச் செய்யுங்கள். உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அந்தப் பணம்தான். என் வீட்டு மொட்டைமாடிக்கு ஒழுகல் தடுக்கும் பூச்சு போட்டவர், "நாலு நாளில் வந்து பார்க்கிறேன்" என்றார். நம்பி முழுப் பணத்தையும் கொடுத்தேன். அதன் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை. அடுத்த மழைக்குப் படுக்கையறைக் கூரையில் ஓதம். மறுபடி முதலிலிருந்து செலவு. கொடுத்துவிட்டுக் கெஞ்சுவதைவிட நிறுத்தி வைத்துக் கேட்பது மேல்.

ரசமட்டம்:
நான் இந்தத் தொழிலில் இருக்கிறவன், அதையும் மனதில் வைத்தே என் பதிலைப் படியுங்கள். முழுப் பாக்கியையும் நிறுத்துவது சரியில்லை. சரியாக நடந்த வேலைக்கும் அதில்தானே பணம் இருக்கிறது?

இரண்டு கேள்விகள். குளியலறைத் தரைக்கு என்ன அளவு டைல்ஸ், அதைத் தேர்ந்தெடுத்தது யார், வடிகால் எங்கே இருக்கிறது? சுவரைப் பூசி எத்தனை நாளில் பெயின்ட் அடித்தார்கள், அந்த அவசரம் யாருடையது?

ஈரச்சுவர்:
மறைக்காமல் சொல்கிறேன். 2-க்கு 4 அடி டைல்ஸ், நான்தான் பிடித்துப்போய் வாங்கினேன். வடிகால் தரையின் நடுவில். இருந்த வாடகை வீட்டை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டியிருந்ததால் சீக்கிரம் முடிக்கச் சொன்னேன். பூசிய ஒன்பதாம் நாள் சுவரை வழவழப்பாக்கும் பட்டி பார்த்து, அதற்கு மூன்று நாள் கழித்துப் பெயின்ட் அடித்தார்கள்.

ரசமட்டம்:
நினைத்தேன். நடுவில் வடிகால் இருந்தால் நாலு பக்கமிருந்தும் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, இறங்க வேண்டும். சின்ன டைல்ஸ் என்றால் தரை சாய்கிற பக்கமெல்லாம் அதுவும் சாய்ந்து உட்காரும். 2-க்கு 4 என்பது ஒரே பலகை, வளையாது. குறுக்காக வெட்டிப் போடலாம், பார்க்க நன்றாக இருக்காது என்று வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்பார்கள். இல்லையென்றால் சுவரோரம் நீளவாட்டு வடிகால் வைத்து ஒரே பக்கமாக வாட்டம் கொடுக்கலாம். இரண்டும் செய்யாமல் பெரிய டைல்ஸைப் போட்டால் தண்ணீர் எங்காவது ஒரு மூலையில் தேங்கத்தான் செய்யும்.

பூச்சு விஷயமும் அப்படித்தான். சிமென்ட் பூச்சை ஒரு வாரமாவது நனைத்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அது உலர நாலு வாரம் விடுவது வழக்கம். ஈரம் உள்ளே இருக்கும்போதே மேலே பெயின்ட்டால் மூடினால், வெளியே வர வழி தேடும் ஈரம்தான் கொப்புளமாகத் தூக்குகிறது.

தெற்குவாசல்:
ஐயா, நீங்கள் சொன்ன இவ்வளவு விவரமும் வீட்டுக்காரருக்குத் தெரியுமா? தெரியாது என்பதால்தானே ஒரு தொழில்காரரை நம்பிப் பணம் கொடுக்கிறோம்? "இந்த டைல்ஸுக்கு இந்த வடிகால் ஒத்துவராது" என்று டைல்ஸ் வந்து இறங்கிய அன்றே அவர் சொல்லியிருக்க வேண்டும். "ஈரச்சுவரில் அடிக்க மாட்டேன், நீங்கள் கேட்டுக்கொண்டதால்தான் அடிக்கிறேன்" என்று ஒரு வரி எழுதி வாங்கியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு வேலையைச் செய்துவிட்டு, தப்பு வெளியே வந்ததும் "நீங்கள்தானே கேட்டீர்கள்" என்றால் என்ன நியாயம்?

ரசமட்டம்:
தரை விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். வாட்டம் அவர் பொறுப்புதான். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிகிற பிழை அது. சுவர் டைல்ஸும் அவர் தவறே. ஈரம் படும் இடத்தில் டைல்ஸின் பின்பக்கம் முழுக்கப் பசை பிடித்திருக்க வேண்டும், 95 சதவீதமாவது. நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்தினால் இப்படித்தான் காலிச் சத்தம் கேட்கும். ஓரத்தில் மட்டும் லேசாகக் கேட்டால் நான் பயப்பட மாட்டேன், டைல்ஸ் முழுக்கக் கேட்டால் எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். பெயின்ட் விஷயத்தில் மட்டும் பாதிப் பொறுப்பு வீட்டுக்காரருக்கு உண்டு என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

மூன்றாம்மாடி:
வேறு ஆளை விடுவதற்கு முன் என் கதையைக் கேளுங்கள். கோபத்தில் அடுத்த வாரமே புது ஆட்களைக் கூட்டி வந்து தரையை உடைத்தேன். கையில் இருந்தது மங்கலான இரண்டு படம்தான். பழையவர் பாக்கி கேட்டு நின்றபோது, "என் வேலை நன்றாகத்தான் இருந்தது, நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்றார். இல்லை என்று காட்ட என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை, தரையே போய்விட்டதே! பாதிக்கு மேல் கொடுத்துத் தீர்த்தேன், புது ஆளுக்கும் கொடுத்தேன். உடைப்பதற்கு முன் அவருக்கு எழுத்தில் தேதி போட்டு, இன்ன இன்ன குறை, இத்தனை நாளுக்குள் வந்து சரிசெய்யுங்கள் என்று அனுப்பியிருந்தால் நிலைமை வேறு. வாய்ப்புக் கொடுத்தும் வரவில்லை என்று பிறகு எங்கே போனாலும் காட்ட முடியும்.

செங்கல்சூளை:
என் அப்பா கொத்தனார். இப்படிப் பாக்கி நிற்கும்போது ஒப்பந்தக்காரர் சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை. "பார்ட்டி பணம் தரவில்லை" என்று சொல்லி அப்பாவின் இரண்டு வாரக் கூலியைத்தான் நிறுத்துவார். உங்கள் வீட்டில் அலமாரி செய்தவருக்கும் வாட்டம் தவறியதற்கும் என்ன சம்பந்தம்? 30 சதவீதத்தையும் பிடித்தால் அவரும் சேர்ந்து அடிபடுவார்.

தெற்குவாசல்:
வருத்தமாக இருக்கிறது, உண்மையிலேயே. ஆனால் கூலி கொடுப்பது ஒப்பந்தக்காரரின் கடமை. அதை அவர் செய்யாததற்கு வீட்டுக்காரர் தண்ணீர் தேங்கும் குளியலறையை ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

செங்கல்சூளை:
ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை, அண்ணே. குறையைச் சரிசெய்ய எவ்வளவு ஆகுமோ அதை நிறுத்துங்கள், மீதியை விடுங்கள் என்கிறேன்.

ரசமட்டம்:
அந்தத் தொகையைக் கோபத்தில் போட முடியாது. வெளி ஆள் ஒருவரை, முடிந்தால் இருவரை, கூட்டி வந்து குறைகளுக்கு மட்டும் தனித்தனியாக விலை எழுதி வாங்குங்கள். தரை டைல்ஸைப் பெயர்த்தால் அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சும் பெரும்பாலும் கிழியும், அதையும் விலையில் சேர்க்கச் சொல்லுங்கள். பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்.

பெயர்ப்பதற்கு முன் ஒரு சோதனை. வடிகால் வாயை அடைத்து, தரையில் இரண்டு விரற்கடை தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்துவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். காற்றில் கொஞ்சம் வற்றுவது இயல்பு. நன்றாக இறங்கினாலோ கீழே கூரையிலோ வெளிச்சுவரிலோ ஓதம் தெரிந்தாலோ வாட்டத்தோடு கசிவும் இருக்கிறது என்று அர்த்தம், குறைப் பட்டியலே மாறிவிடும். ஒப்பந்தக்காரரையும் கூப்பிட்டு அவர் கண்முன்னே செய்யுங்கள்.

ஈரச்சுவர்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஒவ்வொரு குறைக்கும் படம் எடுத்து, டைல்ஸ் மேல் சாக்கட்டியால் எண் போட்டுப் பட்டியலை அனுப்பினேன். தண்ணீர் நிறுத்தும் அன்று அவரே வந்தார். கசிவு இல்லை. ஆனால் அடைப்பை எடுத்ததும் கதவோரத் தண்ணீர் அப்படியே நின்றதை அவரும் பார்த்தார், அதற்கு மேல் வாதாடவில்லை.

வெளி ஆள் இருவர் எழுதிய விலையில் அதிகமானதே மொத்த ஒப்பந்தத்தில் 17 சதவீதம்தான் வந்தது. அதனால் 10 சதவீதத்தை இப்போது கொடுத்துவிட்டேன், அலமாரி செய்தவருக்கான கணக்கு அதிலேயே தீரும் என்று எழுதி வாங்கிக்கொண்டு. மீதி 20-ல் 15 சதவீதம் தரையும் சுவரும் சரியானதும், கடைசி 5 சதவீதம் ஆறு மாதம் புழங்கிப் பார்த்த பிறகு. நீளவாட்டு வடிகாலுக்கான பொருள் செலவு என்னுடையது, கூலி அவருடையது. பெயின்ட்டுக்கு மட்டும் இறங்கி வர மறுக்கிறார்.

தெற்குவாசல்:
10 கொடுத்தது அவசரம் என்றே இப்போதும் சொல்வேன். தரை முடியும்வரை காத்திருக்கலாம். பெயின்ட்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ரசமட்டம்:
பெயின்ட் நீங்கள் வாங்குங்கள், சுரண்டி அடிக்கும் கூலியை அவர் ஏற்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியம், இப்போது யாரையும் அடிக்க விடாதீர்கள். கொப்புளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுவரைத் திறந்து போடுங்கள். ஒரு மாதம் கழித்து ஒரு அடிச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒருநாள் விட்டு எடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுங்கள்.

ஈரச்சுவர்:
சரி ஐயா, கூலி விஷயத்தை நாளை அவரிடம் கேட்கிறேன். சுரண்டும் வேலையை நானே தொடங்கிவிட்டேன்.