பூண்டியிலிருந்து எதிர்நீச்சல்

குடும்பக் குழு, ஞாயிற்றுக்கிழமை

*காலை 7:10, நித்யா:* அனைவருக்கும் வணக்கம். நேற்றிரவு தூக்கம் வராததால், நம் அயனாவரம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எங்கே பிறக்கிறது என்று பார்ப்பதற்காக, கைப்பேசி வரைபடத்தில் புழல் ஏரியிலிருந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்கும், பூண்டியிலிருந்து வடக்கேயும் விரலை நகர்த்திக்கொண்டே போனேன். ஊத்துக்கோட்டை அருகே கால்வாய் ஆந்திர எல்லையைக் கடக்கிறது. அதன் மறுமுனை ஆந்திரத்தின் கண்டலேறு நீர்த்தேக்கம். அங்கிருந்து சோமசிலா, வெலுகோடு, போத்திரெட்டிபாடு, ஸ்ரீசைலம் என்று ஏறி, விடியற்காலை மூன்று மணிக்குக் கிருஷ்ணா நதி பிறக்கும் மகாராஷ்டிரத்தின் மகாபலேஸ்வரத்தில் போய் நின்றேன். அரபிக்கடல் அங்கிருந்து சுமார் 64 கிலோமீட்டர்தான். அவ்வளவு அருகிலிருக்கும் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு, கிருஷ்ணா நதி கிழக்குக் கடலைத் தேடிச் சுமார் 1,400 கிலோமீட்டர் நடக்கிறது.

*7:22, பிரபு:* அக்கா, கிருஷ்ணாவிலிருந்து பூண்டிக்கு ஒரே கால்வாயை நேராக வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

*7:41, பெரியப்பா:* பிரபு, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கிருஷ்ணா நீரைச் சென்னைக்குக் கொண்டுவர 1983-ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1996-ல்தான் தண்ணீர் முதன்முறையாகப் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் தலைக்கு 5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) விட்டுக்கொடுக்க வேண்டும், அந்தப் பதினைந்தில் மூன்று வழியிலேயே ஆவியாகும் என்று கழித்துவிட்டு, நமக்கு 12 டி.எம்.சி. என்பது கணக்கு. கணக்கு வேறு, வரத்து வேறு என்பதைச் சென்னையில் குடத்தோடு நின்றவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கண்டலேறு முதல் பூண்டி வரையுள்ள 177 கிலோமீட்டரில் 152 ஆந்திரத்திலும் 25 நம் பக்கத்திலும் இருக்கின்றன. ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் சோமசிலா. அது கிருஷ்ணாவின் அணை அன்று; நெல்லூருக்குப் போகும் பெண்ணாற்றின் அணை. கிருஷ்ணா நீர் அந்த ஆற்றில் இறங்கி, அதன் நீரோடு கலந்த பிறகே கண்டலேற்றுக்குத் திரும்புகிறது. கிருஷ்ணா நீர் என்று பெயர் எழுதி ஒட்டியா அனுப்புகிறார்கள்?

*8:05, சுமதி அத்தை (பெங்களூரு):* அண்ணா, அந்தப் பெண்ணாறு எங்கள் ஊருக்கு வடக்கே இருக்கும் நந்தி மலைப் பகுதியில்தான் புறப்படுகிறது. நாங்கள் போனபோது, பாலாறும் தென்பெண்ணையும்கூட அந்த வட்டாரத்தில்தான் பிறக்கின்றன என்று சொன்னார்கள். ஒன்று நெல்லூருக்கும், ஒன்று கல்பாக்கம் பக்கமும், ஒன்று கடலூருக்கும் பிரிந்து போவதை நினைத்தால், பாகம் பிரித்துக்கொண்டு போன அண்ணன் தம்பிகளைப் போல இருக்கிறது.

*8:34, நித்யா:* அத்தை, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுப் பாலாற்றின் மேல் விரலை வைத்தேன். வாலாஜா அருகே உள்ள அணைக்கட்டிலிருந்து ஒரு கால்வாய் பிரிந்து காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரி நிறைந்து வழிந்தால் உபரி நீர் கொசஸ்தலையாற்றில் சேர்கிறது. கொசஸ்தலையாற்றின் குறுக்கேதானே பூண்டி அணை நிற்கிறது! அப்படியானால் நந்தி மலையில் பிரிந்த இரண்டு ஆறுகளின் நீர், ஒன்று ஆந்திரத்தைச் சுற்றிக்கொண்டும் மற்றொன்று வேலூர் வழியாகவும் வந்து, பூண்டியில் மறுபடியும் சந்திக்கிறது. பெரியப்பா, நான் சொல்வது சரியா?

*8:52, பெரியப்பா:* வழி சரிதான், நித்யா. ஆனால் வரைபடத்தில் நீலக்கோடு இருப்பதாலேயே ஆற்றில் தண்ணீர் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாலாறு பெரும்பாலான ஆண்டுகளில் வெறும் மணல். 2021 நவம்பரைப் போல வெள்ளம் புரண்டால்தான் நீ சொல்லும் சந்திப்பு நடக்கும். மேலும் இடையில் கேசவரம் அணைக்கட்டை விட்டுவிட்டாய். அங்கே கொசஸ்தலையாற்றிலிருந்து பிரிந்து வருவதுதான் கூவம்.

*8:55, பிரபு:* மூக்கைப் பொத்திக்கொண்டு நான் தினமும் கடக்கும் கூவமும், வீட்டில் குடிக்கும் பூண்டித் தண்ணீரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளா, பெரியப்பா?

*8:58, பெரியப்பா:* ஆம். கேசவரத்தில் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு சொல்ல முடியாது.

*9:20, சுமதி அத்தை:* எனக்கு இன்னொரு சந்தேகம். சிருங்கேரியில் ஓடும் துங்கை, பத்திரையோடு சேர்ந்து துங்கபத்திரையாகி, கடைசியில் கிருஷ்ணாவில்தானே கலக்கிறது? அந்தச் சங்கமம் ஸ்ரீசைலத்துக்கு மேலேயா, கீழேயா?

*9:26, பெரியப்பா:* மேலே. சங்கமேஸ்வரத்தில் கலக்கிறது. ஸ்ரீசைலம் அணை நிறையும்போது அந்தக் கோயிலே நீருக்குள் போய்விடும்.

*9:31, சுமதி அத்தை:* அப்படியென்றால், அம்மா சிருங்கேரியிலிருந்து துங்கை நீரைக் குப்பியில் அடைத்து, இரண்டு ரயில் மாறி, ஒரு சொட்டுச் சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு அயனாவரத்துக்குக் கொண்டுவந்தாளே, அப்போதே அது நம் குழாயிலும் வந்துகொண்டிருந்ததா?

*9:33, நித்யா:* அந்தக் குப்பி இன்னும் பூஜை அறையில்தான் இருக்கிறது, அத்தை. பாட்டியிடம் இதை நான் சொல்லப்போவதில்லை.