அம்பை வீட்டுச் சொந்தம்: மூணு டிக்கும் தபால்காரரும்

4 ஜனவரி 2026, ஞாயிறு

காலை 8:12
செல்லம்மா அத்தை: (ஃபார்வர்ட்) நாளை முதல் வாட்ஸ்அப்பில் புதிய விதி. ஒரு நீல டிக், இரண்டு சிவப்பு டிக் வந்தால் அரசு உங்கள் செய்தியைப் படித்துவிட்டது. மூன்றும் சிவப்பானால் கோர்ட் சம்மன் வரும். அனைவருக்கும் பகிரவும்.

கணபதி சித்தப்பா: அய்யோ. நேத்து வீட்டு வரி பத்தி நான் கோவத்துல எழுதுனேனே, அதை அழிச்சிரவா?

மீனா: சித்தப்பா, எதையும் அழிக்க வேண்டாம். அத்தை, இது பல வருசமா சுத்துற பொய். சிவப்பு டிக்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நாம எழுதுறது அனுப்புறவர் போனுக்கும் வாங்குறவர் போனுக்கும் நடுவுல பூட்டியே போகுது. 2016 ஏப்ரல்ல இருந்து அப்படித்தான். அந்தக் கம்பெனியே படிக்க முடியாது.

கணபதி சித்தப்பா: அப்ப நிம்மதி.

மீனா: முழுசா நிம்மதின்னு சொல்ல மாட்டேன் சித்தப்பா. எழுதுறதைப் படிக்க முடியாது, சரி. ஆனா யார் யாருக்கு, எந்த நேரத்துல, எத்தனை தடவை அனுப்புறோம், எந்த போன்ல இருந்து, ஏறக்குறைய எந்த ஊர்ல இருந்துங்கிறது அவங்களுக்குத் தெரியும்.

பெரியப்பா: இது எனக்குப் புரியுது. அந்தக் காலத்துல நம்ம தெருவுக்கு வந்த தபால்காரர் ஒரு இன்லாண்ட் லெட்டரைக்கூடப் பிரிச்சுப் பாத்ததில்ல. ஆனா மூணு வாரமா தென்காசில இருந்து ஒரே கையெழுத்துல காயிதம் வருதுன்னா, இந்த வீட்டுல சம்பந்தம் பேசுதாங்கன்னு கண்டுபிடிச்சிருவாரு. செல்லம்மாவுக்கு மாப்பிள்ளை அமைஞ்சது எனக்கு முன்னாடி அவருக்குத் தெரியும்.

செல்லம்மா அத்தை: ஆமாண்ணே. என்ட்ட வந்து சிரிச்சாரு.

மீனா: அதேதான் பெரியப்பா. ஆனா அவர் நேரா ஜவுளிக்கடைக்குப் போயி "அந்த வீட்டுல கல்யாணம் வருது"ன்னு சொல்லிக் காசு வாங்கல.

8:31
சரவணன் அத்தான்: மீனா, நான் ஒண்ணு கேக்கேன். காசு வாங்காமத்தானே குடுக்காங்க? சர்வர் செலவை யாரு பாக்குறது? பிடிக்கலன்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே.

மீனா: விட்டுட்டுப் போக முடியுமான்னுதான் கேஸே நடந்துச்சு அத்தான். 2014ல ஃபேஸ்புக் இதை 1,900 கோடி டாலருக்கு வாங்குச்சு. வாட்ஸ்அப்பை ஆரம்பிச்சவங்க ரெண்டு பேரு, ஜான் கூம், பிரையன் ஆக்டன். விளம்பரம் கிடையாது, விளையாட்டு கிடையாதுன்னு ஆக்டன் கைப்பட எழுதிக் குடுத்த சீட்டை கூம் தன் மேசையில ஒட்டி வச்சிருந்தார். வித்த பிறகும் எதுவும் மாறாதுன்னு நமக்குச் சொன்னாங்க. ரெண்டே வருசம். 2016 ஆகஸ்ட்ல நம்ம போன் நம்பரை ஃபேஸ்புக்கோட பகிர்ந்துக்குவோம்னு கொள்கையை மாத்திட்டாங்க. அப்பவாவது வேண்டாம்னு சொல்ல 30 நாள் குடுத்தாங்க.

மீனா: 2021 ஜனவரியில அதுவும் போச்சு. ஒத்துக்கோ, இல்லன்னா கிளம்பு. இத்தனைக்கும் ஐரோப்பால இருக்கவங்களுக்கு ஒரு கொள்கை, நமக்கு வேற கொள்கை. அங்க சட்டம் கடுமை.

வள்ளி மதினி: மீனா, அது மே மாசம் 15ந் தேதி கெடுன்னு வந்துச்சே, அதுவா?

மீனா: அதேதான் மதினி. முதல்ல பிப்ரவரி 8னு சொல்லி, எதிர்ப்பு வந்ததும் தள்ளி வச்சாங்க.

8:40
வள்ளி மதினி: எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்போதான் முழு லாக்டவுன் போட்டிருந்தாங்க. கடை ஷட்டர் இறக்கிக் கிடக்கு. தைச்சு முடிச்ச பிளவுஸ் அம்பாரமா அப்படியே இருக்கு. சேலைப் படத்தை ஸ்டேட்டஸ்ல போட்டு, அதைப் பாத்துக் கேக்கறவங்களுக்கு அனுப்பித்தான் அந்த ரெண்டு மாசம் அரிசி வாங்குனோம். உங்க அண்ணனுக்கும் வேலை இல்ல. தினமும் போனைத் தொறந்தா அந்தக் கட்டம் வந்து நிக்கும். நான் ஒரு வரி படிக்கல. கஸ்டமர் ஒருத்தங்க அளவு அனுப்பிட்டுக் காத்திருக்காங்க. அமுக்கிட்டேன்.

வள்ளி மதினி: படிச்சிருந்தாலும் அமுக்கித்தான் இருப்பேன். என் 600 கஸ்டமரும் இங்கதான் இருக்காங்க. நான் மட்டும் வேற எங்க போயி உக்கார?

மீனா: மதினி, நீங்க இப்ப சொன்னதைத்தான் போட்டி ஆணையம் சொல்லுச்சு. சிசிஐன்னு சொல்லுவாங்கல்ல, அது. 18 நவம்பர் 2024ல மெட்டா கம்பெனிக்கு, அதான் ஃபேஸ்புக் கம்பெனியோட இப்போதைய பேரு, 213.14 கோடி ரூபா அபராதம் போட்டாங்க.

பெரியப்பா: போட்டி ஆணையத்துக்கும் அந்தரங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? விலையைக் கூட்டுனா, சின்ன கம்பெனியை நசுக்குனா அவங்க வருவாங்க. இது வேற வகையில்லா?

மீனா: இங்கதான் விலையே நம்ம விவரமா இருக்கு பெரியப்பா. 50 கோடிப் பேருக்கு மேல ஒரே இடத்துல இருக்கோம். பள்ளிக்கூட அறிவிப்பு, பால்காரர் கணக்கு, கோயில் வரி எல்லாம் இதுலதான் வருது. அப்படி ஒரு இடத்துல "ஒத்துக்கோ இல்ல போ"ன்னு சொன்னா அது சம்மதம் வாங்குறது ஆகாது, ஆதிக்கத்தைத் தப்பாப் பயன்படுத்துறதுன்னு சொன்னாங்க. விளம்பரத்துக்காக விவரம் பகிரக் கூடாதுன்னு 5 வருசத் தடையும் போட்டாங்க.

கணபதி சித்தப்பா: தடை இப்பவும் இருக்கா?

மீனா: இல்ல. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போன நவம்பர்ல அபராதம் சரின்னு சொல்லிட்டு, அந்த 5 வருசத் தடையை எடுத்திருச்சு. எனக்கு அதுல ரொம்ப வருத்தம். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு 213 கோடி ஒரு தொகையே இல்ல. தடைதான் உறைச்சிருக்கும். 2017ல ஐரோப்பாவும் அவங்களுக்கு 11 கோடி யூரோ போட்டுச்சு, வாட்ஸ்அப்பை வாங்குறப்ப தப்பான தகவல் குடுத்தாங்கன்னு. ஒருத்தரோட ஃபேஸ்புக் கணக்கையும் வாட்ஸ்அப் கணக்கையும் தானா இணைக்க முடியாதுன்னு சொல்லியிருந்தாங்க. முடியும்னு உள்ள அப்பவே தெரிஞ்சிருக்கு.

9:05
சரவணன் அத்தான்: சரி, ஒத்துக்கிடுதேன். அதுக்குத்தான் செப்டம்பர்ல எல்லாரையும் 'அரட்டை' ஆப்புக்குக் கூப்பிட்டேன். அதுவும் வாட்ஸ்அப் மாதிரிதான், பண்ணுனது நம்ம ஊருக் கம்பெனி ஸோஹோ.

வள்ளி மதினி: வந்தோமே அத்தான். நீங்க, மீனா, நான், சித்தப்பா. அங்க கடைசியா இருக்கது தீபாவளி வாழ்த்து.

மீனா: எனக்கும் அது நல்லா வரணும்னுதான் ஆசை அத்தான். ஆனா நாம போன நேரத்துல போன் பேச்சுக்குத்தான் அந்த முழுப் பூட்டு இருந்துச்சு, எழுதுறதுக்கு இல்ல. ஊர்ப்பாசத்துக்காக அதைப் பாக்காம விடக் கூடாது. அதோட, ஆள் எங்க இருக்காங்களோ அங்கதான் ஆள் வருவாங்க. இங்க இருந்தே அந்தக் குரூப்புக்கு எழுத முடிஞ்சா கதை வேற. ஐரோப்பால வாட்ஸ்அப்பை அப்படித் தொறக்கச் சொல்லிச் சட்டமே இருக்கு.

பெரியப்பா: இப்ப நாங்க என்ன செய்யணும், அதைச் சொல்லு.

மீனா: செட்டிங்ஸ்ல சாட்ஸ், அதுக்குள்ள சாட் பேக்கப். அங்க முழுப் பூட்டு போடுற வசதி இருக்கு, நாமதான் போடணும். போடலன்னா சேமிச்சு வைக்கிற நகலுக்கு அந்தப் பூட்டு கிடையாது. கடவுச்சொல்லை டைரியில எழுதி வைங்க, மறந்தா யாராலயும் மீட்க முடியாது. ஆதார் படத்தை இங்க யாரும் போடாதீங்க. அப்புறம் அந்த நீல வட்டம், மெட்டா ஏஐ. அதுக்கிட்ட எழுதுறது நமக்குள்ள பேசுற மாதிரி இல்ல, நேரா கம்பெனிக்குப் போகுது. வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்கோட இணைச்சிருந்தா, அதுகிட்ட கேக்கறதை வச்சு விளம்பரம் காட்டுவோம்னு சொல்லி, டிசம்பர் 16ல இருந்து செய்யறாங்க.

9:21
செல்லம்மா அத்தை: ஏட்டி மீனா

செல்லம்மா அத்தை: அந்த வட்டத்துக்கிட்ட நான் பேசுதேனே

மீனா: என்ன பேசுவீங்க அத்தை?

செல்லம்மா அத்தை: ராத்திரி முட்டி வலில தூக்கம் வராது. என்ன மாத்திரை போடலாம்னு கேப்பேன். கர்ப்பப்பைக்கு அன்னைக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது பத்தியும் கேட்டேன். நல்லா மரியாதையா பதில் சொல்லுது. எந்நேரமும் முழிச்சிருக்கு

சரவணன் அத்தான்: அம்மா, கர்ப்பப்பைக்கு என்ன? என்ட்ட ஏன் சொல்லல?

செல்லம்மா அத்தை: நீ வேலைல இருப்பன்னு

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: அத்தை, நான் இப்பவே போன் பண்றேன். இங்க எழுத வேண்டாம்.

செல்லம்மா அத்தை: இப்ப வேண்டாம்ட்டி. அடுப்புல சாம்பார் கொதிக்கி. ஏழு மணிக்குப் போடு, உங்க மாமா கோயிலுக்குப் போயிருவாக.

சரவணன் அத்தான்: நான் மத்தியானப் பஸ்ஸுக்குக் கிளம்புதேன்.