எம்ஐ-17இன் உதிரிப்பாகம் எம்ஐ-24 தாக்குதல் ஹெலிகொப்டருக்குப் பொருந்துமா?

கேள்வி (பண்டாரவளை)
வணக்கம். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது, எங்கள் லயங்களுக்கு மேலாக எம்ஐ-17 ஹெலிகொப்டர்கள் பறந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கொரு சந்தேகம். 1995இல் உருவான விமானப்படையின் 9ஆம் இலக்கப் படைப்பிரிவிடம் எம்ஐ-24 தாக்குதல் ஹெலிகொப்டர்கள் உள்ளன. இரண்டும் ரஷ்யாவின் மில் என்ற ஒரே வடிவமைப்பகத்தில் பிறந்தவை என்பதால், ஒன்றின் பாகத்தைக் கழற்றி மற்றொன்றில் பூட்ட முடியுமா? முடியாவிட்டால் நல்ல லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாமா?

பதில் 1 (ஹட்டன்)
தம்பி, நான் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவன். ஆகவே லேத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கொழுந்தை உருட்டும் றோலரின் தண்டு தேய்ந்தால் நாங்களே கடைந்து போடுவோம். அது முறிந்தாலும் அன்றைய கொழுந்துதான் பாழாகும். அளவைக் கடைந்து எடுக்கலாம், ஆனால் உலோகம் எந்த வார்ப்பில் வந்தது, எந்த வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டது என்பதைக் கடைந்து எடுக்க முடியாது. ஒருமுறை பெயர்பெற்ற கம்பனியின் பெட்டியில் வந்த பேரிங்கை வாங்கிப் பூட்டினேன். மூன்றாம் வாரமே குண்டுகள் உதிர்ந்து கிடந்தன. பார்வைக்கு அது அசலேதான்.

பதில் 2 (நுவரெலியா)
ஐயா சொன்னது சரி. நான் விமானப் பராமரிப்பு படித்தவன் என்பதால், பொருந்துமா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டிலும் டிவி3-117 குடும்பத்து எஞ்சின்களே இரண்டிரண்டு உள்ளன. ஆனால் உட்பிரிவுகள் வேறு. பிரதான சுழலியில் இரண்டுக்கும் ஐந்து இறக்கைகள் என்றாலும், விட்டம் எம்ஐ-24இல் ஏறத்தாழ 17.3 மீற்றர், எம்ஐ-17இல் 21.3 மீற்றர், ஆகவே இறக்கைகளை மாற்றிப் பூட்டவே முடியாது.

பாகங்களுக்கு மணிக்கணக்கிலும் வருடக் கணக்கிலும் ஆயுள் வரையறுக்கப்பட்டிருக்கிறது. எத்தனை மணி பறந்தது, எப்போது பழுதுபார்க்கப்பட்டது என்று தொடர் இலக்கத்தோடு எழுதிய பதிவேடு தொலைந்துவிட்டால், பளபளக்கும் பாகத்தையும் ஒதுக்கிவைக்க வேண்டியதுதான். உலோகக் களைப்பால், அதாவது திரும்பத் திரும்ப விசை ஏறி இறங்கி உலோகம் தளர்வதால், உண்டாகும் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும் முன்பே வளர்ந்துவிடுகிறது. அதனால்தான் எம்ஐ-17 இறக்கையின் உள்ளீடற்ற உலோக முதுகெலும்புக்குள் அழுத்தக் காற்றை அடைத்திருக்கிறார்கள். வெடிப்பு விழுந்து காற்றுக் கசிந்தால், அடிப்பகுதியிலுள்ள கண்ணாடி மூடிக்குள் சிவப்பு அடையாளம் தெரியும். எனக்கு இதைவிட அழகான பாதுகாப்பு ஏற்பாடு வேறெதுவும் தெரியாது.

கிடைப்பதும் சுலபமில்லை. இந்த எஞ்சின்கள் பெரும்பாலும் உக்ரேனின் சப்போரிசியாவில் தயாரானவை. 2014இல் இரு நாடுகளுக்கும் மோதல் மூண்ட பிறகு ரஷ்யாவே அவற்றுக்குப் பதிலாக விகே-2500 எஞ்சின்களின் உற்பத்தியைத் தன் நாட்டில் பெருக்க வேண்டியதாயிற்று. புதிய ஹெலிகொப்டர்களுக்கும் தொல்லை உண்டு: 2018இல் அமெரிக்க இராணுவம், இறக்கைகளைப் பிடித்துவைக்கும் ஒரு நட்டு கரையோரங்களில் துருவேறியதால், அபாச்சே தாக்குதல் ஹெலிகொப்டர்களைப் பொறுப்பேற்பதைச் சில காலம் நிறுத்தியது.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. அந்தச் சிவப்பு அடையாளத்தை எப்போது பார்ப்பார்கள்?

பதில் 2 (நுவரெலியா)
ஒவ்வொரு பறப்புக்கும் முந்தைய பரிசோதனையில், சுழலியைக் கையால் திருப்பித் திருப்பி, ஐந்து இறக்கைகளையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒன்றில் சிவப்புத் தெரிந்தாலும், காரணம் கண்டறியப்படும் வரை அந்த ஹெலிகொப்டர் புறப்படாது.