மாமரத்தடி நிழலில் வல்லாரை காய்கிறது: தண்ணீரைக் கூட்டலாமா?

காவேரிப்பட்டணம்:
வீட்டின் பின்புறம் நன்றாகக் காய்க்கும் பெங்களூரா மாமரம் இருக்கிறது. அடியில் வெயிலே விழாது. வெறும் செம்மண்ணாகக் கிடந்த அந்த இடத்தில் வல்லாரை நட்டேன். ஐப்பசி மழையில் செழிப்பாகப் படர்ந்தது. மழை விட்டதும் இலைகள் சிறுத்துவிட்டன. புதிதாக ஓடும் கொடி கணுவில் வேர் விடாமல் நுனியிலிருந்து காய்கிறது. பூச்சி எதுவும் இல்லை. தினமும் மாலையில் தண்ணீர் ஊற்றுகிறேன். இன்னும் கூட்ட வேண்டுமா?

பாலக்கோடு:
கூட்டாதீர்கள் அம்மா. கொடி காயும் இடத்தில் நான்கு விரற்கடை ஆழம் கிளறிப் பாருங்கள். பழுப்பு நிறச் சல்லிவேர் பின்னிக் கிடந்தால் அது மாமரத்துடையது. நீங்கள் ஊற்றுவதை அதுதான் முதலில் குடிக்கிறது. எனக்கு மரத்தைப் பற்றித்தான் கவலை. மா பூவெடுக்க, மழைக்குப் பின் கொஞ்ச நாள் மண் காய வேண்டும். கார்த்திகை, மார்கழியில் அடிமண் ஈரமாகவே இருந்தால் பூவுக்குப் பதில் கொழுந்து தள்ளும். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்த பிறகே எங்கள் தோப்பில் தண்ணீர் கட்டுவோம். வல்லாரையோ ஈரம் வற்றாத வரப்பில் வளர்வது. இரண்டும் ஓரிடத்தில் ஒத்துவராது.

ஓசூர்:
மஞ்சள் பூப் பூத்துத் தரையில் படரும் சிங்கப்பூர் டெய்சி வைக்கலாமே? நிழலிலும் சீக்கிரம் மூடிவிடும்.

பாலக்கோடு:
அது மட்டும் வேண்டாம். வெட்டிப்போட்ட துண்டுகூட வேர்பிடித்து அக்கம்பக்கத்துச் செடிகளையெல்லாம் மூடிவிடும். மஞ்சள் பூவைப் பார்த்துக் கரிசலாங்கண்ணி என்று கீரைக்கும் பறித்துவிடாதீர்கள். டெய்சி இலையின் இரு ஓரங்களிலும் பிளவு தெரியும். மஞ்சள் கரிசலாங்கண்ணி இலை பிளவின்றி நீண்டிருக்கும்.

மரத்தடிக்கு என் தேர்வு கஸ்தூரி மஞ்சள். கோடை மழைக்குத் துளிர்த்து நிழலிலேயே இலை விரிக்கும். மழைக்காலம் முடிந்ததும் இலை காய்ந்து கிழங்கு மண்ணுக்குள் உறங்கிவிடும். மரம் காய வேண்டிய நாளில் அதுவும் தண்ணீர் கேட்காது. ஆண்டு முழுவதும் பச்சை வேண்டுமென்றால் இடையிடையே வாள் போல நிமிர்ந்த தடித்த இலையுள்ள மருள் செடியை வையுங்கள். மண்ணுக்கடியில் தண்டு ஓடி மெதுவாகப் பெருகும், வறட்சிக்கு அசையாது.

காவேரிப்பட்டணம்:
கிளறிப் பார்த்தேன் ஐயா, வலை போலச் சல்லிவேர்தான். தண்ணீரை நிறுத்திவிட்டேன். இந்த வல்லாரையை எங்கே மாற்றுவது? மஞ்சளுக்கு மண்ணைக் கொத்த வேண்டுமா?

பாலக்கோடு:
நிழலில் அடிகுழாய் இருந்தால் அதன் ஓரம் போதும். சோப்புத் தண்ணீர் மட்டும் சேரக் கூடாது. வேர்விட்ட கணுக்களாகப் பார்த்து மண்ணோடு பெயர்த்து வையுங்கள். மரத்தடியைக் கொத்தவே வேண்டாம், சல்லிவேர் அறுந்துவிடும். அடிமரத்திலிருந்து மூன்றடி தள்ளி, கிழங்கு கொள்ளும் அளவுக்குச் சிறு குழி போதும். நடுவதை வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை உதிரும் மாவிலையைப் பெருக்கித் தள்ளாமல் அங்கேயே விட்டுவிடுங்கள்.