பரிணாம மரத்தில் அழிவு வீதம் பூஜ்யம் என்று வருவது ஏன்?

மழைத்தவளை (கேள்வி)

மேற்குத் தொடர்ச்சி மலையில் ரோர்செஸ்டஸ் புதர்த்தவளைகள் மட்டும் அறுபது சிற்றினங்களுக்கு மேல். அதே மலையில் ஊதாத் தவளைப் பேரினமான நாசிகாபட்ராகஸில் இரண்டுதான்: 2003-இல் விவரிக்கப்பட்ட சகியாத்ரென்சிஸ், 2017-இல் சேர்ந்த பூபதி. இத்தனைக்கும் ஊதாத் தவளையின் கிளை பல கோடி ஆண்டுகள் பழையது. அதன் நெருங்கிய உறவுகள் செஷல்ஸ் தீவுகளில்தான் இருக்கின்றன. புதர்த்தவளைகள் வேகமாகப் பிரிந்து பெருகினவா, இல்லை ஊதாத் தவளையின் பக்கம்தான் நிறைய அழிந்துபோனதா? இன்னொன்று: வாழும் சிற்றினங்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டு வரைந்த உறவு மரத்தில் தோற்றம்–அழிவு மாதிரியை (புதுச் சிற்றினம் பிரியும் வீதம், இருப்பது அழியும் வீதம் இரண்டையும் கணிக்கும் கணக்கு) பொருத்தினால் அழிவு வீதம் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதை நம்பலாமா?

கிளைக்கணக்கு (பதில்)

நம்பக் கூடாது. ஏன் என்று புரிய முதல் கேள்வியிலிருந்து வருவோம்.

இரண்டு வகைக் குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். வீதங்கள் எல்லாம் ஒரு கிளைக்கு, பத்து லட்சம் ஆண்டுக்கு. முதல் வகையில் தோற்றம் 0.1, அழிவே இல்லை. இரண்டாவதில் தோற்றம் 0.5, அழிவு 0.4. நிகர வீதம் இரண்டிலும் 0.1தான். ஒரே சிற்றினத்தில் தொடங்கினால் 2.3 கோடி ஆண்டில் இரண்டும் சராசரியாக 10 சிற்றினங்களைத் தொடும். ஆனால் இரண்டாம் வகைக் குழுக்களில் 78 விழுக்காடு அதற்குள் பூண்டோடு போயிருக்கும். தப்பியவற்றின் சராசரி 46. நம் கண்ணில் படுவது தப்பியவை மட்டுமே.

அந்த 46-ஐ வைத்து, அழிவு இல்லை என்று கொண்டு கணக்கிட்டால் (46-இன் இயல் மடக்கையை 23-ஆல் வகுத்தால்) நிகர வீதம் 0.166 என்று வரும். உண்மை 0.1. மகயோனும் சாண்டர்சனும் 2001-இல் கொடுத்த சூத்திரம் இதைத் திருத்துகிறது. அழிவை தோற்றத்தால் வகுத்த விகிதம் இங்கே 0.8. சிற்றின எண்ணிக்கையை (1 − 0.8)-ஆல் பெருக்கி 0.8-ஐக் கூட்டுங்கள்: 46 × 0.2 + 0.8 = 10. அதன் மடக்கை 2.303, தண்டு வயதான (குழு தன் நெருங்கிய உறவிலிருந்து பிரிந்து ஆன காலம்) 23-ஆல் வகுத்தால் 0.1. இந்த விகிதம் நமக்கு முன்கூட்டியே தெரியாது என்பதால் 0, 0.9 இரண்டுக்கும் கணக்கிட்டு, வரும் இடைவெளியையே முடிவாகச் சொல்லுங்கள்.

ஊதாத் தவளைக்குத் தண்டு வயதுதான் போட வேண்டும். கிரீட வயதுச் சூத்திரம் (குழுவில் இன்று வாழ்பவற்றின் கடைசிப் பொது மூதாதையிலிருந்து எண்ணுவது) இரண்டு கிளைகளில் தொடங்குவதால், இரண்டே சிற்றினமுள்ள குழுவுக்கு அழிவில்லா நிலையில் விடை எப்போதும் பூஜ்யம். நிகர வீதம் குறைவு என்பது வரை உறுதி. மெதுவாகப் பிரிந்ததா, பிரிந்தவை அழிந்தனவா என்பதை அந்த இரண்டு நுனிகளை வைத்துச் சொல்லவே முடியாது.

வேர்முடிச்சு

அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். காலத்துக்கு எதிராகக் கிளைகளின் எண்ணிக்கையை மடக்கை அளவில் வரையுங்கள். வீதங்கள் மாறாதவை என்றால், பழைய பகுதியின் சாய்வு தோற்றம் கழித்தல் அழிவு. நிகழ்காலத்தை நெருங்க நெருங்க அது வெறும் தோற்ற வீதத்துக்கு ஏறும், ஏனென்றால் நேற்றுப் பிறந்த கிளைகளுக்கு அழிய இன்னும் நேரம் கிடைக்கவில்லை. ராபர்ட் மே உள்ளிட்ட மூவர் 1994-இல் காட்டியது இது. மாதிரி அழிவு வீதத்தைப் படிப்பதே அந்தக் கடைசி ஏற்றத்திலிருந்துதான். ஏற்றம் தெரியாவிட்டால் விடை பூஜ்யம்.

அந்த ஏற்றத்தைத் தட்டையாக்குவது பெரும்பாலும் நம் தரவேதான். மரத்தில் சேராத சிற்றினங்களின் பங்கை மாதிரிக்குச் சொல்லாமல் விடுவது முதல் தவறு. சொன்னாலும் போதாது: விடுபட்டவை ஒரே சீராக விடுபட்டவை என்று மாதிரி எடுத்துக்கொள்கிறது, ஆனால் விடுபடுவன பெரும்பாலும் அண்மையில்தான் பிரிந்த இளம் இரட்டைகள். புதர்த்தவளைகளில் இது கடுமை. தோற்றத்தில் ஒன்றுபோல இருந்து, கத்தும் ஒலியில் மட்டும் வேறுபடுவன பல. இன்னும் பெயரிடப்படாத ஒவ்வொரு இளம் கிளையும் அந்த ஏற்றத்தைக் கொஞ்சம் வெட்டுகிறது.

சோதிக்கும் வழி: அழிவு விகிதத்தை 0.8 என்று வைத்து ஆயிரம் மரங்களைக் கணினியில் உருவாக்குங்கள். உங்கள் தரவில் விடுபட்ட அதே பங்கை, இளையவற்றிலிருந்து தொடங்கி நீக்குங்கள். மறுபடி பொருத்துங்கள். அங்கேயும் அடிக்கடி பூஜ்யம் வந்தால் உங்கள் பூஜ்யத்துக்குப் பொருள் இல்லை.

வீதங்கள் காலத்தில் மாறலாம் என்று விட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். வாழும் சிற்றினங்களின் ஒரே மரத்துக்கு எண்ணற்ற தோற்ற–அழிவு வரலாறுகள் சமமாகப் பொருந்தும் என்று லூக்காவும் பென்னெலும் 2020-இல் நிறுவினார்கள்.

பாறைமுகம்

அழிவை நேரடியாக எண்ணப் புதைபடிவம் வேண்டும். தவளைகளுக்கு அது அரிது. ஓடுள்ள கடலுயிர்களுக்கு நிறைய. 50 லட்சம் ஆண்டு நீளமுள்ள ஓர் அடுக்கின் அடி எல்லையை 100 பேரினங்கள் கடக்கின்றன, அவற்றில் 80 மேல் எல்லையையும் கடக்கின்றன என்றால், அழிவு வீதம் 0.8-இன் மடக்கையைக் குறி மாற்றி 5-ஆல் வகுத்தது: சுமார் 0.045. அந்த ஓர் அடுக்கில் மட்டும் தலைகாட்டிப் போனவற்றைச் சேர்க்காதீர்கள். பாறையில் பாதுகாப்பு நன்றாக இருந்தால் அவை கூடும், மோசமாக இருந்தால் குறையும். வீதத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

அரியலூர்ப் பக்கத்துக் கிரீத்தேசியப் பாறைகளில் கிடைக்கும் அம்மோனைட்டுகள் (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடலுயிர்கள்) இரண்டு வீதமும் உயர்ந்த குழுவுக்கு நல்ல எடுத்துக்காட்டு. வேகமாகத் தோன்றி வேகமாக மறைந்ததால்தான் அவற்றை வைத்துப் பாறையின் வயதைப் பிரிக்க முடிகிறது. 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய பேரழிவை ஒட்டி அவை முழுதும் போயின. சிற்றினம் குறைந்த உறவான நாட்டிலஸ் இன்றும் கடலில் இருக்கிறது.

நன்னீர்மீன்

ஒன்று சேர்க்கிறேன். இரண்டு வீதங்களையும் தனித்தனி என்று எடுத்துக்கொள்கிறோம். கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் ஒரே காரணம் இரண்டையும் தாக்கியது. சுமார் 15,000 ஆண்டுக்கு முன் வறண்டு கிடந்த ஏரி அது. நிறைந்த பிறகு ஏறத்தாழ 500 சிக்லிட் மீன் சிற்றினங்கள் உருவாயின. 1950-களில் விடப்பட்ட நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீன் 1980-களில் பெருகியபோது ஏறத்தாழ 200 மறைந்தன.

பெர்ச் தின்றது பாதிக் கதை. கழிவு சேர்ந்து நீர் கலங்கியது. புண்டமிலியா என்ற சிக்லிட் பேரினத்தில் ஆழத்தில் வாழும் ஒன்றின் ஆண் சிவப்பு, கரையோர ஆழமற்ற நீரில் வாழும் மற்றொன்றின் ஆண் நீலம். பெண் மீன் நிறம் பார்த்துத்தான் இணை தேர்கிறது. தெளிந்த நீருள்ள தீவுக்கரைகளில் இரண்டும் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. கலங்கிய இடங்களில் நிறம் தெரியாமல் கலந்து இடைநிறக் கலப்பினங்களாகிவிட்டன. எதுவும் சாகாமலே இரண்டு சிற்றினம் ஒன்றாகிறது. தோற்றம்–அழிவு மாதிரியில் இதற்கென்று தனி எண் கிடையாது. இளம் கிளைகள் மிகுந்த குழுவில் வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் கவனத்தில் வைக்க வேண்டும்.

மழைத்தவளை

மிக்க நன்றி. புதர்த்தவளை மரத்துக்கு வேர்முடிச்சு சொன்ன சோதனையை ஓட்டுகிறேன். விடுபட்டவற்றை ஒலிப்பதிவுகளை வைத்து எண்ணி, அந்தப் பங்கையே நீக்கினால் சரிதானே?

வேர்முடிச்சு

சரி. ஆனால் ஒரே எண்ணை நம்பாமல், குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு பங்குகளுக்கும் ஓட்டுங்கள்.