பெரியப்பாவின் பழைய பிஸ்டல்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். காலமான பெரியப்பாவின் சின்னப் பிஸ்டல் எனக்கென்று வந்திருக்கிறது. ஜோன் பிரவுனிங் வடிவமைத்த பெல்ஜியத் தயாரிப்பு, 6.35 மி.மீ. தோட்டா போடும் ரகம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அனுமதிப்பத்திரம் அவர் பெயரில் என்பதால் இப்போதைக்குப் பொலிஸில் ஒப்படைத்திருக்கிறோம். பெயர் மாற்றத்தைச் செய்து முடித்தவர்கள், இதில் அனுபவமுள்ள சட்டத்தரணியைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் துரு. வெள்ளவத்தைக் கடல்காற்றில் இரும்புக் கேற்றே தாங்காது. அவரோ இதைத் தோல் உறையிலேயே வைத்திருந்தார். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஒரு பக்கம் முழுக்கச் செம்புள்ளிகள். மணல்தாளை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், பழைய நீலப்பூச்சே போய்விடும். எண்ணெயும் மென்துணியும் போதுமா? கொழும்பில் அனுமதி பெற்ற துப்பாக்கி திருத்துபவர் இருக்கிறாரா? சுடுவதற்கல்ல, அவர் நினைவாகக் கெடாமல் வைத்திருக்கத்தான் கேட்கிறேன்.