ராயபுரம் சாக்ஸ் கச்சேரி: நம்ம பேண்டு செட்டு அண்ணன் நம்மளுக்கா வாசிச்சாரு?

வண்ணை வாசி
ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ராயபுரத்துல ஒரு சர்ச்சு ஹால்ல சாக்ஸபோன் கச்சேரி, டிக்கெட் கிடையாது, போயிருந்தேன். வாசிச்சவரு நம்ம பக்கத்து பேண்டு செட்டுல சின்ன வயசுல கிளாரினெட்டோட ஆரம்பிச்சு, கல்யாணம் சாவு தேர் பவனின்னு இருபது வருஷம் தெருவுல ஊதி, அப்புறம் ஜாஸ் கத்துக்கிட்டு இப்போ சொந்தமா பேண்டு வெச்சிருக்கறவரு. பியானோ, பேஸ், டிரம்ஸ், இவரு டெனர் சாக்ஸ். திறமைல சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டு மணி நேரத்துல ஒன்றே முக்கால் மணி நேரம் அமெரிக்கா ஜாஸ்தான். ஒரு கானா இல்ல, ஒரு சினிமா பாட்டு இல்ல. என் பக்கத்துல மீன் வித்துட்டு நேரா வந்து ஒக்காந்த அம்மா அரை மணி நேரத்துல எழுந்து போயிட்டாங்க. கடைசி பதினஞ்சு நிமிஷம் நம்ம பேண்டு அடி வந்துச்சு பாருங்க, அப்போதான் ஹாலுக்கே உயிர் வந்துச்சு. நம்ம ஏரியால நம்ம ஜனத்துக்கு வாசிக்கறவரு யாருக்காக வாசிச்சாருன்னு கேக்கறேன்.

பெரம்பூர் லோகோ
ஜாஸ் நம்மளுக்கு அந்நியம்னு யாரு சொன்னது தலைவரே? எங்க அப்பா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல, அதான் ரயில் இன்ஜின் பட்டறைல இருந்தாரு, ரயில்வே காலனில ஆங்கிலோ இந்தியன் குடும்பங்க நெறைய இருந்த காலம், கிறிஸ்துமஸ் வந்தா ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல டான்ஸு, லைவ் பேண்டு, சாக்ஸு டிரம்பெட்டு எல்லாம் இருக்கும், அப்பா காம்பவுண்டு சுவர் ஓரமா சைக்கிள நிறுத்திட்டு நின்னு கேப்பாராம். 1958ல அமெரிக்கா ஜாஸ் பியானோகாரரு டேவ் புரூபெக்கோட குவார்ட்டெட், அதான் நாலு பேரு பேண்டு, மெட்ராஸ் வந்தப்போ நம்ம பழனி சுப்ரமணிய பிள்ளை மிருதங்கத்தோட சேந்து வாசிச்சிருக்காங்க. அடுத்த வருஷமே அவங்க 5 அடி, 9 அடி தாளத்துல ரெக்கார்டு போட்டாங்க, உலகமே கேட்டுச்சு. நம்ம தாளம்தான் அவங்கள மாத்துச்சு.

டெனர் ரீடு
அண்ணே மெட்ராஸ்ல வாசிச்சது உண்மை, ஆனா அந்த 9 அடி துருக்கில தெருவுல வாசிக்கறவங்க கிட்ட புரூபெக் கேட்டது, அதே 1958 டூர்லதான். 5 அடி பாட்டு அவரு குவார்ட்டெட்ல ஆல்ட்டோ சாக்ஸ் (டெனர விட சின்னது) வாசிச்ச பால் டெஸ்மண்ட் எழுதுனது. நம்ம ஊரு பேர ஏத்தணும்னு நடக்காதத சேக்க வேணாம், இருக்கறதே போதும்.

வண்ணை வாசிக்கு ஒண்ணு சொல்றேன், நானும் சாக்ஸ் வாசிக்கறவன். கர்நாடக கச்சேரில சுருதி மாறாம அடியில ஓடிட்டே இருக்கும், அது மேல ஒரே ராகத்துல எவ்ளோ தூரம் வேணா போலாம். ஜாஸ்ல அடியில இருக்கற கார்டு, அதான் சேந்து ஒலிக்கற சுரக்கூட்டம், சில சமயம் ஒவ்வொரு பாருக்கும் (தாளத்துல ஒரு சுத்து) மாறிட்டே போவும், நெறைய பாட்டுல 32 பார் முடிஞ்சா திரும்ப முதல்லேந்து, அந்த மாத்தத்துக்குள்ள அந்த நிமிஷத்துல தோணுறத வாசிக்கணும். தெருவுல ஊதுனவருக்கு இதுல இன்னொரு கஷ்டம் இருக்கு. ட்ராபிக் சத்தத்த தாண்டி கேக்கணும்னே ஊதி ஊதி வாய் பழகிருக்கும், மைக் முன்னாடி மூச்ச அடக்கி மெதுவா ஊத வருஷக்கணக்கா ஆவும். அவரு காசிமேடு பக்கம் கடலோரக் கல்லு மேல நின்னு காலைல அஞ்சு மணிக்கு பிராக்டீஸ் பண்றத நானே பாத்திருக்கேன், உப்புக் காத்துல சாக்ஸோட ஓட்டைய மூடுற தோல் பேடு ஊறி ஒட்டிக்கும், வாயில வெச்சு ஊதுற ரீடு பட்டை வளைஞ்சிடும், ஆனா லைன் வீட்டுல வாசிச்சா அக்கம்பக்கம் தூங்க முடியாதுன்னு அங்க போவாரு. அமெரிக்கா ஜாஸ் டெனர் சாக்ஸ்காரரு சன்னி ராலின்ஸும் 1959லேந்து 61 வரைக்கும் நியூயார்க்ல வில்லியம்ஸ்பர்க் பாலத்து மேல போயிதான் பிராக்டீஸ் பண்ணாரு, காரணமும் இதேதான். இவ்ளோ பண்ணவரு கத்துக்கிட்டத முழுசா வாசிக்க கூடாதா?

வண்ணை வாசி
வாசிக்கட்டும். ஆனா கத்ரி கோபால்நாத்த பாருங்க. அப்பா நாகஸ்வரம், இவரு மைசூர் அரண்மனை பேண்டுல சாக்ஸ் சத்தத்த கேட்டு ஆசப்பட்டு, கமகம், அதான் சுரத்த அசைச்சு வளைச்சு வாசிக்கறது, வர்ற மாதிரி கருவியையே மாத்தி அமைச்சு, அத நம்ம இசைக்குள்ள கொண்டு வந்தாரு. 1994ல லண்டன் பிபிசி ப்ராம்ஸ் இசை விழால வாசிச்சதும் கர்நாடக சங்கீதம்தான். அதே வருஷம் டூயட் படத்துல அவரு வாசிச்சதுக்கு அப்புறம்தான் வடசென்னைல நெறைய பசங்க சாக்ஸ்னு ஒண்ணு இருக்கறதையே தெரிஞ்சுக்கிட்டாங்க. கருவி நம்ம கிட்ட வந்துச்சு. இங்க நம்ம ஆளு அவங்க கிட்ட போயிட்டாரு.

டெனர் ரீடு
கத்ரியே 2008ல நியூயார்க்ல ஜாஸ் ஆல்ட்டோ சாக்ஸ் வாசிக்கற ருத்ரேஷ் மஹந்தப்பாவோட சேந்து ஆல்பம் போட்டிருக்காருண்ணே. ரெண்டு பக்கமும் போறதுதான்.

பெரம்பூர் லோகோ
அதுவும் இல்லாம ஜாஸ் பொறந்த அமெரிக்கா நியூ ஆர்லியன்ஸ்லயே சாவுக்கு பேண்டு உண்டு. இடுகாடு போற வரைக்கும் மெதுவா துக்கப் பாட்டு, அடக்கம் முடிஞ்சு திரும்பும்போது குஷியா வாசிச்சு தெருவே ஆடும். நம்ம சாவு பேண்டுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? அவரு திரும்ப வீட்டுக்குத்தான் வந்திருக்காரு.

காசிமேடு அக்கா
வித்தியாசம் இருக்கு தம்பி, நான் சொல்றேன். எங்க பெரியப்பா சாவு பேண்டுல கிளாரினெட் ஊதுனவரு. சிவப்பு கோட்டு, தோள்ல தங்க ஜரிகை, வெயில்ல மூணு மணி நேரம் ஊதிட்டு வந்தா ஒதடு வெடிச்சிருக்கும். ஊதுற வீட்டுல தண்ணி கேட்டா தனி டம்ளர்ல குடுப்பாங்க. பெரியம்மா எங்களுக்கு வரன் பாக்க வந்தவங்க கிட்ட அவரு வேலைய சொல்லவே மாட்டாங்க. நியூ ஆர்லியன்ஸ்லயும் அடிமையா கொண்டு வந்த ஜனத்தோட வாரிசுங்கதான் ஊதுனாங்க, ஆனா அவங்க இசைய இன்னிக்கு அவங்க ஊரே பெருமையா எடுத்துக்காட்டுது. நம்ம சாவு பேண்ட இங்க யாரு மேடைல ஏத்துனாங்க? கானாவ 2018ல கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்னு நம்ம சென்னை இசைக்குழு மேடை ஏத்துனாங்க, ஜனம் கொண்டாடுச்சு. பேண்டு செட்டுக்கு அது நடக்கல. அதனால எனக்கு வண்ணை வாசி மேலயும் கோவம், அந்த அண்ணன் மேலயும் வருத்தம். கச்சேரி முழுக்க மைக்ல பேசுனாரு, அமெரிக்காகாரங்க பேரா சொன்னாரு, பேண்டு செட்டுல ஊதுனவன்னு ஒரு வார்த்த சொல்லல. நான் காத்துட்டே இருந்தேன்.

வண்ணை வாசி
அக்கா என் மேல ஏன் கோவம்?

காசிமேடு அக்கா
நம்ம ஜனத்துக்கு கானாவும் சினிமா பாட்டும் போதும்னு நீ முடிவு பண்ணதுக்கு. நான் மூணாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சேன், ரெண்டு மணி நேரமும் எழுந்திரிக்காம ஒக்காந்து கேட்டேன். எல்லாம் புரிஞ்சுதான்னா இல்ல. அந்த பேஸ் தம்பியும் இவரும் மட்டும் ஒண்ணு வாசிச்சாங்களே, அதுல அழுதுட்டேன்.

டெனர் ரீடு
அக்கா, அவரு சொல்லலன்றது சரி. ஆனா கடைசில வாசிச்சத கொஞ்சம் நெனச்சு பாருங்க. நம்ம ஊர்வலத்துல வீட்டுலேந்து சுடுகாடு வரைக்கும் ஒரே வேகம்தான். இவரு அதே மெட்ட முதல்ல தனியா, டிரம்ஸ் இல்லாம, பாதி வேகத்துல வாசிச்சாரு. எல்லாரும் வேற ஏதோ பாட்டுன்னு நெனச்சாங்க. அப்புறம்தான் சைடு டிரம் அடி உள்ள வந்துச்சு, அப்போ கூட அவரு வேகம் ஏத்தல, டிரம்ஸ் மட்டும் ஏறுச்சு. அப்புறம் மைக்க விட்டு நகந்து, ஜன்னல் பக்கம் போயி, தெருவுல ஊதுற மாதிரியே முழு மூச்சுல ஊதுனாரு. அவரு பழைய சவுண்டு அது. நான் அவர் கூட செட்டுல வாசிச்சவன், எனக்கு தெரியும். முடிச்சதும் ஏன் மைக்ல சொல்லலன்னு கேட்டேன், இன்னும் வாய் வரலடான்னாரு.

காசிமேடு அக்கா
ஜன்னல் பக்கம் போனத பாத்தேன். காத்துக்குன்னு நெனச்சேன்.

வண்ணை வாசி
அக்கா நீங்க சொன்னத ஏத்துக்கறேன், ஜனத்துக்கு எது போதும்னு நான் சொன்னது தப்பு. ஆனா அந்த கடைசி பாட்ட முதல்ல வெச்சிருந்தா மீன்கார அம்மா எழுந்து போயிருக்க மாட்டாங்க, அதுல நான் மாறல. டெனர் ரீடு, அவர் கிட்ட இத சொல்லுங்க. அடுத்த கச்சேரி எங்கன்னு தெரிஞ்சா போடுங்க, அந்த அம்மா தண்டையார்பேட்டை மார்க்கெட்லதான் கடை போடுறாங்க, நானே போய் கூட்டிட்டு வர்றேன்.